‘இருதரப்பு’ வேண்டாம், ‘இரு கட்சிகளிலிருந்தும்’ என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வாஷிங்டன் செய்திகளில் வாரம் தவறாமல் வரும் சொல் ‘பைபார்ட்டிசன்’. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டிலும் உள்ளவர்கள் ஒரு காரியத்தில் சேர்ந்து நிற்பதை அது குறிக்கிறது. தமிழ் நாளிதழ்களில் இது ‘இருதரப்பு’ என்றும், ‘கட்சி சார்பற்ற’ என்றும், ‘அனைத்துக் கட்சி’ என்றும், சில நாளில் ‘கூட்டணி’ என்றும் வருகிறது. நான்கும் பிழை. எழுத்துப்பிழை என்றால் வாசகர் தானே திருத்திப் படித்துக்கொள்வார். இதில் செய்தியின் பொருளே மாறிவிடுகிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான்கில் அதிகம் கண்ணில் படுவது ‘இருதரப்பு’. தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. இருதரப்பு வர்த்தகம், இருதரப்புப் பேச்சுவார்த்தை என்றால் இரண்டு நாடுகள். ‘இந்திய-அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்துக்கு இருதரப்பு ஆதரவு’ என்று தலைப்புப் போட்டால் டெல்லியும் வாஷிங்டனும் ஆதரிக்கின்றன என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். உண்மையில் நடந்ததைப் பாருங்கள். 2008 செப்டம்பர் இறுதியில் அந்த ஒப்பந்தத்துக்கான மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 298-117 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியினரில் 178 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியினரில் 120 பேர் ஆதரவு, 107 பேர் எதிர்ப்பு. அக்டோபர் 1 அன்று மற்றோர் அவையான செனட்டில் 86-13. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சி ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்து வாக்களித்தது. அப்படியிருந்தும் அது ‘பைபார்ட்டிசன்’ ஆதரவுதான். ‘இருதரப்பு’ என்ற சொல்லால் இந்தப் பிளவையும் காட்ட முடியாது, சேர்க்கையையும் காட்ட முடியாது.

‘கட்சி சார்பற்ற’ என்பது இன்னும் ஆழமான பிழை. கட்சி சார்பற்ற அமைப்பு என்றால் அங்கே கட்சிக்கு இடமே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் அப்படிப்பட்டது: ஒரு மசோதாவுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும், எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் ஒரே கணக்கு. அங்குள்ள மத்திய தேர்தல் ஆணையம் அதற்கு நேர் எதிரான வார்ப்பு. ஆணையர்கள் 6 பேர்; ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது; நடவடிக்கை எடுக்க 4 வாக்கு வேண்டும். அதாவது கட்சிச் சார்பு இருக்கும் என்று ஒப்புக்கொண்டு, ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்திச் சமன் செய்த அமைப்பு. 3-3 என்று முட்டிக்கொண்டால் புகாரின் மீது நடவடிக்கை இருக்காது. முடிவெடுக்க முடியாமல் அந்த ஆணையம் அடிக்கடி முடங்குவதன் காரணம் இந்தக் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. இதைப் போய் ‘கட்சி சார்பற்ற தேர்தல் ஆணையம்’ என்று எழுதினால், அது ஏன் முடங்குகிறது என்பதை அடுத்த பத்தியில் எப்படி விளக்குவது?

‘அனைத்துக் கட்சி’ நம் ஊர்ப் பழக்கத்திலிருந்து வருவது. காவிரிக்கும் நீட்டுக்கும் முதலமைச்சர் கூட்டும் கூட்டம் அது. பத்துப் பன்னிரண்டு கட்சித் தலைவர்கள் வருவார்கள். அமெரிக்கச் செய்திக்கு அது பொருந்தாது. ‘கூட்டணி’ என்பதும் அப்படியே: தொகுதிப் பங்கீடு, பொதுச் சின்னம், அமைச்சரவை என்றெல்லாம் வாசகர் மனதில் ஓடும். ஒரு மசோதாவுக்குக் கைகோத்து, அடுத்த நாள் காலையில் எதிரெதிரே நிற்பவர்களுக்கு அந்தச் சொல் ஒவ்வாது.

அப்படியானால் என்ன எழுதுவது? ‘இருகட்சி ஆதரவு’ என்று எழுதலாம் என்பார்கள். முன்னதைவிட நல்லதுதான், ஆனால் முழுதும் சரியில்லை. ‘இருகட்சி முறை’ என்றால் இரண்டு பெரிய கட்சிகள் மட்டும் மாறி மாறி ஆளும் முறை என்று தமிழில் ஏற்கெனவே பொருள் நிலைத்துவிட்டது. அதோடு, ‘இரு கட்சிகளும் ஆதரித்தன’ என்று அந்த வாக்கியம் நழுவிவிடும். தவறின் வேர் அங்கேதான் இருக்கிறது. ‘கட்சிகளும்’ என்பதில் உள்ள உம், இலக்கணத்தில் முற்றும்மை. இரண்டும் முழுதாக, மிச்சமில்லாமல் என்று அது சொல்கிறது. கட்சி என்ற அமைப்பு முடிவெடுத்து ஆதரித்தது என்ற பொருள் வந்துவிடுகிறது. ‘இரு கட்சியினரும் ஆதரித்தனர்’ என்று மாற்றினாலும் உம் அங்கே இருந்துகொண்டு எல்லாரும் ஆதரித்ததாகவே காட்டுகிறது. ‘இரு கட்சிகளிலிருந்தும் ஆதரவு’ என்று எழுதிப் பாருங்கள். உம் இப்போது ஆதரவு வந்த இடத்தை மட்டும் முழுமையாக்குகிறது. எத்தனை பேர் என்பதைத் திறந்தே விடுகிறது. ‘பைபார்ட்டிசன்’ சொல்வதும் மிகச் சரியாக அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு 2021இன் உள்கட்டமைப்புச் சட்டம் போதும். அமெரிக்காவில் அதற்குப் பெயரே ‘பைபார்ட்டிசன்’ சட்டம் என்று நிலைத்துவிட்டது. ஆகஸ்ட் 10 அன்று செனட்டில் 69-30. ஜனநாயகக் கட்சி வரிசையின் 50 பேரும் ஆதரித்தார்கள். குடியரசுக் கட்சியில் 19 பேர் ஆதரித்தார்கள். நவம்பர் 5 இரவு பிரதிநிதிகள் சபையில் 228-206. அங்கே ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 13 பேர். எதிர்த்தவர்கள் 200 பேர். அதோடு ஜனநாயகக் கட்சியிலேயே 6 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். இந்த வாக்கெடுப்பை ‘இரு கட்சிகளும் ஆதரித்தன’ என்று எழுதினால் 200 பேரின் எதிர்ப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறோம். 13 பேர்தானே என்று அந்தச் சொல்லையே விட்டுவிட்டாலும் தப்பு. 228இல் 13ஐக் கழித்தால் 215. பெரும்பான்மைக்கு 218 வேண்டும். அந்த 13 பேர் மறுபக்கம் போயிருந்தால் மசோதா அன்றிரவே விழுந்திருக்கும்.

நமக்கு இது உடனே புலப்படாததற்குக் காரணம் உண்டு. 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியே பத்தாவது அட்டவணை வந்த பிறகு, இந்தியாவில் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரும். அதனால் ஒரு மசோதாவுக்கு யார் ஆதரவு என்று கேட்டால் கட்சிகளின் பெயரைச் சொல்கிறோம், சொல்வதும் சரி. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. கட்சிக் கொறடாக்கள் இருக்கிறார்கள், நெருக்குவார்கள், குழுப் பதவியைப் பறிக்கக்கூட முயல்வார்கள். ஆனால் உறுப்பினர் இடத்தைப் பறிக்க முடியாது. ஒவ்வொருவரும் தன் தொகுதியைப் பார்த்துத் தனித்தனியே வாக்களிக்கலாம். அதே அணுசக்தி ஒப்பந்தத்தை ஒட்டி 2008 ஜூலை 22 அன்று நம் மக்களவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு 275-256 என்று முடிந்தபோது, கட்சி உத்தரவை மீறியவர்களைக் கட்சிகள் வெளியேற்றின. இரண்டு மாதம் கழித்து வாஷிங்டனில் 107 பேர் தம் கட்சியின் மற்ற 120 பேருக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அதற்காகப் பதவி போகவில்லை. இந்த இரண்டு உலகத்துக்கும் ஒரே வினைச்சொல் அமைப்பைப் பயன்படுத்தினால் குழப்பம் வரத்தான் செய்யும்.

இந்தச் சேர்க்கை மனநல்லிணக்கத்தால் மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் கணக்கால் வருகிறது. செனட்டில் 100 பேர். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்கு வேண்டும். 1975க்கு முன் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. எந்தக் கட்சிக்கும் 60 இடம் கிடைப்பது அபூர்வம் என்பதால், எதிர்க்கட்சியிலிருந்து ஏழெட்டுப் பேரையாவது இழுக்காமல் சாதாரணச் சட்டம் எதுவும் நகராது. விதிவிலக்கு பட்ஜெட் தொடர்பான தனி வழிமுறை. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2022இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் அந்த வழியில்தான் 51-50 என்று, துணை அதிபரின் வாக்கோடு, எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. ஒரு மசோதா எந்த வழியில் போகிறது என்று தெரிந்தால், அதற்கு மறுபக்கத்து ஆதரவு தேவையா, வெறும் அலங்காரமா என்பது தெரிந்துவிடும். செய்தியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தேவையாக இருந்த இடத்துக்கு மிகச் சிறந்த சான்று 1964இன் குடிமை உரிமைகள் சட்டம், அதாவது நிறப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம். அப்போது செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 67 பேர், குடியரசுக் கட்சிக்கு 33 பேர். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் ஆளுங்கட்சிக்கு யாருடைய தயவும் வேண்டாம். ஆனால் தென் மாநிலங்களைச் சேர்ந்த அந்தக் கட்சிக்காரர்களே இரண்டு மாதத்துக்கு மேல் விவாதத்தை இழுத்தடித்து மசோதாவைத் தடுத்தார்கள். ஜூன் 10 அன்று விவாதத்தை முடிக்கும் தீர்மானம் 71-29 என்று வென்றது. ஆதரித்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் 44 பேர். குடியரசுக் கட்சியினர் 27 பேர். அன்று தேவைப்பட்டது 67. குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன் தம்மவர்களைத் திரட்டிக் கொண்டுவராமல் இருந்திருந்தால் அந்தச் சட்டம் இல்லை. அன்றைய வாக்கெடுப்பில் கலிபோர்னியா உறுப்பினர் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் வந்தார். மூளைக் கட்டியால் பேச்சு போயிருந்தது. பெயர் கூப்பிட்டதும் கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ‘ஆம்’ என்று வாக்களிக்கும் சொல்லுக்கும் ஒலி ஒன்றே. அது ஆதரவு வாக்காக எண்ணப்பட்டது.

இப்படிப்பட்ட நினைவுகள் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அமெரிக்க அரசியலில் இந்தச் சொல் ஒரு நற்சான்றிதழாகிவிட்டது. ஆகவே மசோதா கொண்டுவருபவர்கள் அதைத் தாங்களே தங்களுக்குச் சூட்டிக்கொள்கிறார்கள். எதிர்க்கட்சியிலிருந்து ஒரே ஒருவர் இணை முன்மொழிபவராகக் கையெழுத்திட்டால் போதும், செய்திக்குறிப்பில் ‘பைபார்ட்டிசன்’ என்று ஏறிவிடும். செய்தி நிறுவனங்களும் அதை அப்படியே அனுப்புகின்றன. உங்கள் மேசையில் மொழிபெயர்க்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தச் சொல்லைச் சொன்னது யார்? முன்மொழிந்தவரே சொன்னதென்றால் மேற்கோளாகத்தான் போட வேண்டும். நாளிதழின் சொந்த வாக்கியமாகப் போடக் கூடாது.

வாக்கெடுப்பு முடிந்திருந்தால் வேலை எளிது. செனட்டும் பிரதிநிதிகள் சபையும் ஒவ்வொரு பெயர்ப் பதிவு வாக்கெடுப்புக்கும் எண் கொடுத்து, யார் எப்படி வாக்களித்தார் என்பதைக் கட்சி அடையாளத்தோடு தம் இணையதளத்தில் அன்றே போட்டுவிடுகின்றன. கட்சிவாரிக் கூட்டல் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. ஆனால் எந்த வாக்கெடுப்பைப் பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பு, திருத்தத்தின் மீதான வாக்கெடுப்பு, இறுதி வாக்கெடுப்பு மூன்றும் வேறு வேறு. விவாதத்தை முடிக்க உதவிவிட்டு இறுதியில் எதிர்த்து வாக்களிப்பவர்கள் உண்டு. குரல் வாக்கெடுப்பு என்றால் பெயர்கள் இருக்காது. அங்கே எண்ணிக்கை கிடைக்காது, ‘எதிர்ப்பின்றி’ என்றும் எழுதிவிடக் கூடாது. சுயேச்சைகளும் உண்டு: 2021இல் ‘ஜனநாயகக் கட்சி வரிசையின் 50 பேர்’ என்று சொன்னதில் இரண்டு பேர், பெர்னி சாண்டர்ஸும் ஆங்கஸ் கிங்கும், சுயேச்சைகளாக இருந்துகொண்டு அந்தக் கட்சி வரிசையில் சேர்ந்து நிற்பவர்கள். ‘வரிசை’ என்ற சொல் அங்கே உதவும். பிரதிநிதிகள் சபையில் சர்ச்சையில்லாத மசோதாக்களுக்கு ஒரு குறுக்குவழியும் இருக்கிறது: வழக்கமான விதிகளை நிறுத்திவைத்து, 40 நிமிட விவாதம், திருத்தம் கிடையாது, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. அஞ்சலகங்களுக்குப் பெயர் சூட்டும் மசோதாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். அந்த மாதிரி ஒன்று 400க்கு மேல் வாக்கு வாங்கினால் ‘பகை மறந்து ஒன்றுசேர்ந்தனர்’ என்று தலைப்புப் போடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

இன்னும் ஒரு சொல்லோடும் குழப்பம் நேர்கிறது. ‘பைகேமரல்’ என்றால் இரு அவைகள் சார்ந்தது, தமிழில் ஈரவை. இரு அவைகளிலும் நிறைவேறியது என்பதும் இரு கட்சிகளிலிருந்தும் ஆதரவு பெற்றது என்பதும் வேறு. 2010இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஈரவைகளிலும் நிறைவேறியது: செனட்டில் 60-39, பிரதிநிதிகள் சபையில் 219-212. இரண்டிலும் குடியரசுக் கட்சியின் ஒரு வாக்குகூட இல்லை.

‘பைபார்ட்டிசன்’ என்பதை ‘ஒற்றுமையுடன்’, ‘நல்லிணக்கத்துடன்’ என்று அழகுபடுத்தி எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். சொல்லில் நன்மை தீமை எதுவும் இல்லை. குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தாகி ஐந்து வாரம்தான் கழிந்திருந்தது. 1964 ஆகஸ்ட் 7 அன்று வியட்நாமில் படைபலம் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் கொடுத்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் அதே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் 416-0, செனட்டில் 88-2. எதிர்த்த இருவரும், வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும், அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள். 2002இல் ஈராக் போருக்கான அதிகாரம் செனட்டில் 77-23. இரண்டும் இரு கட்சிகளிலிருந்தும் ஆதரவு பெற்றவைதாம்.

நமக்கு நெருக்கமான சான்று இலங்கையில் இருக்கிறது. இந்தச் சொல் அங்கே நம் மக்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது. 1956 ஜூனில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டத்தைப் பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி தலைமையிலான கூட்டணி கொண்டுவந்தது; எதிரணியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் ஆதரித்தது. எதிர்த்தவர்கள் தமிழ்க் கட்சிகளும் இடதுசாரிகளும். இரு பிரதான கட்சிகளும் ஒத்துப்போனதே தமிழருக்கு அநீதியாக முடிந்தது. அடுத்த ஆண்டு தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு பண்டாரநாயக்க ஒப்பந்தம் செய்தபோது ஐக்கிய தேசியக் கட்சி எதிர்த்தது, அக்கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன கண்டி யாத்திரை புறப்பட்டார். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தபோது எதிர்ப்பது சுதந்திரக் கட்சியின் முறையாயிற்று. ஆட்சியில் இருப்பவர் தமிழருக்குக் கொடுக்க முன்வருவதை எதிர்க்கட்சி கெடுக்கும் இந்தச் சுழலை உடைக்கத்தான், 1997 ஏப்ரலில் பிரிட்டிஷ் துணையமைச்சர் லியாம் ஃபாக்ஸ் நடுவில் நின்று சுதந்திரக் கட்சியின் சந்திரிகா குமாரதுங்கவுக்கும் ஐக்கிய தேசியக் கட்சியின் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையே ஓர் உடன்பாட்டை உண்டாக்கினார்: ஒரு கட்சி எடுக்கும் சமாதான முயற்சியை மற்றது குலைக்காது என்பது அதன் சாரம். அது நிலைக்கவில்லை. 225 பேர் கொண்ட சபையில் அரசியலமைப்பை மாற்ற 150 வாக்கு வேண்டும். 2000 ஆகஸ்ட் 3 அன்று சந்திரிகா புதிய வரைவை முன்வைத்தபோது ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள்.

இந்த இலங்கைச் செய்திகளில் ‘இரு பிரதான கட்சிகளும்’ என்று முற்றும்மை போட்டு எழுதுவதே சரி. அங்கே பேசியது கட்சித் தலைமைகள். கையெழுத்திட்டதும் முறித்ததும் கட்சிகள்தாம். ஆனால் அதை ‘அனைத்துக் கட்சி உடன்பாடு’ என்று எழுதக் கூடாது. 1997இன் உடன்பாட்டில் தமிழ்க் கட்சிகள் கையெழுத்திடவில்லை. சந்திரிகாவுக்கும் ரணிலுக்கும் இடையே அது முடிந்தது. 2015க்குப் பிறகு இந்த இரு கட்சிகளும் சேர்ந்து ஆண்டதற்கு ‘தேசிய அரசாங்கம்’ என்ற பெயர் அங்கே வழக்கில் இருக்கிறது; அதற்கு அதையே எழுதலாம்.

தமிழ்நாட்டுக்கு வேற்றுச் சொல்லே வேண்டாம். 2022 பிப்ரவரி 8 அன்று நீட் விலக்கு மசோதா சட்டப்பேரவையில் மீண்டும் நிறைவேறியபோது திமுக அரசு கொண்டுவந்ததை அதிமுக ஆதரித்தது. பாஜக வெளிநடப்பு செய்தது. ‘இரு கழகங்களும் ஆதரித்தன’ என்றால் எல்லாம் விளங்கிவிடும்.

ஆஸ்திரேலியச் செய்தியில் இதே ஆங்கிலச் சொல் வந்தால் கட்சிகளை எண்ணாதீர்கள். அங்கே லிபரல், நேஷனல் என்ற இரண்டு கட்சிகள் சேர்ந்து ஓர் அணி, எதிரே தொழிற்கட்சி. மூன்று கட்சி சம்பந்தப்பட்டிருந்தும் ‘இரு’ என்றே சொல்வார்கள். ‘ஆளுந்தரப்பும் எதிர்த்தரப்பும் சேர்ந்து’ என்பதே பொருள். அந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று: அந்த நாட்டில் அரசியலமைப்பை மாற்றப் பொதுவாக்கெடுப்பு வேண்டும். 1999 வரை கேட்கப்பட்ட 44 கேள்விகளில் 8 மட்டுமே வென்றன. 2023 அக்டோபர் 14 அன்று பூர்வகுடிகளுக்கான ஆலோசனை அவை குறித்த கேள்வியை எதிர்க்கட்சி எதிர்த்தது. ஆறு மாநிலங்களிலும் தோற்றது.

கடைசியாக, மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஒன்று. இடம் கருதி ‘இருகட்சி’ என்ற சுருக்க வடிவத்தைத் தலைப்பில் போட வேண்டியிருந்தால் ‘இரு’வுக்குப் பின் ஒற்று மிகாது; ‘கட்சி’க்குப் பின் மிகும். இருகட்சிக் குழு, இருகட்சிச் சட்டம், இருகட்சித் தீர்மானம். ஆனால் இருகட்சி ஆதரவு, இருகட்சி மசோதா. தலைப்பில் சுருக்கம் போட்டால் முதல் பத்தியிலேயே எண்ணிக்கை வந்துவிட வேண்டும். 2021 செய்திக்கு இப்படி: ‘குடியரசுக் கட்சியின் 13 பேர் கைகொடுக்க, உள்கட்டமைப்பு மசோதா 228-206 என்று நிறைவேறியது, ஜனநாயகக் கட்சியில் 6 பேர் எதிர்த்தனர்.’ இந்த வாக்கியத்தில் ‘பைபார்ட்டிசன்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்படிக்கு,
செய்தி மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்,
மதுரை